மருவூர்ப்பாக்கத்திலிருந்து தொடங்குவோம்

(விழிதியூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நடையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரைக்காக டாக்டர் சொல்லும் நடையைப் பற்றி அல்ல. ஊரைப் பார்க்கிற நடையைப் பற்றி. ஒரு பழைய கடற்கரைப் பட்டினத்தைக் கால்நடையாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி, எங்கே தொடங்குவது, யார் வீட்டு வாசலில் நிற்பது, யாரிடம் கேட்பது? இதுதான் இன்றைக்குப் பேச்சு.

பட்டினம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? புதுச்சேரி. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஜோடி. கொஞ்சம் தள்ளி யோசித்தால் தரங்கம்பாடி, கோட்டை, கடற்கரை. ஆனால் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற காரைக்கால் யாருக்காவது ஞாபகம் வருகிறதா? நமக்குக் காரைக்கால் என்றால் ஆஸ்பத்திரி, கல்லூரி, கலெக்டர் ஆபீஸ், ஜவுளிக் கடை. வெளியூர்க்காரர்களுக்குக் காரைக்கால் என்றால் சனீஸ்வரனுக்குப் போகிற வழி. திருநள்ளாற்றில் நளன் குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு, வேன் ஏறி, நாகூர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு பட்டினம் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. எல்லையோர மதுக்கடைகளுக்காக வருகிற இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களுக்கு நடப்பதே சிரமம், அவர்களை விட்டுவிடுவோம்.

நண்பர்களே, ஊர் சுற்றிக் காட்டுவது வெள்ளைக்காரனிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட பழக்கம் என்று நினைக்கிறோம். ஆனால் சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்குப் பெயரே ஊர்காண் காதை. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கப் போகிறான். இரத்தினக் கடைத்தெரு, பொற்கடைத்தெரு, அறுவை வீதி, கூல வீதி என்று தெருத் தெருவாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். தேரில் போகவில்லை, பல்லக்கில் போகவில்லை. கையில் காசில்லாதவன், சிலம்பு விற்க வந்தவன், நடந்தே பார்த்தான்.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லப்போகிறேன். இளங்கோவடிகள் நமக்கு வடக்கே இருக்கிற பூம்புகாரைக் காட்டும்போது எங்கே தொடங்குகிறார்? அரசன் வீதியிலா? இல்லை. மருவூர்ப்பாக்கத்தில் தொடங்குகிறார். மருவூர்ப்பாக்கத்தில் இருந்தவர்கள் யார்? உப்பு விற்கிறவர், மீன் விற்கிறவர், வெற்றிலை விற்கிறவர், தச்சர், கொல்லர், தையற்காரர், கப்பலில் வந்து தங்கிய யவனர். அவர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்த பிறகுதான் அரச வீதியும் பெருவணிகர் வீதியும் இருக்கிற பட்டினப்பாக்கத்துக்கு வருகிறார். இளங்கோ சேர நாட்டு இளவரசர் என்கிறது மரபு. அரண்மனையில் பிறந்தவர், அரண்மனையிலிருந்து ஊரைத் தொடங்கவில்லை. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். வேலை நடக்கிற இடத்தில் தொடங்குங்கள். மாளிகை எங்கும் ஓடிவிடாது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையை வைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போவோம்.

புதுச்சேரியில் நல்ல நடைப்பயணங்கள் நடக்கின்றன. பழங்கட்டடங்களைக் காக்கிற இன்டாக் அமைப்பு அங்கே 1984இல் வேலை தொடங்கியது. வைசியாள் வீதியில் திண்ணை வைத்த பழைய தமிழ் வீடுகளைத் தெருவோடு சேர்த்துச் சீர்செய்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகளில் அதற்கு ஒரு சிறப்பு கிடைத்தது. ஒரு வீடு அல்ல, ஒரு தெரு! அந்தத் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தால், மேலே ஓடு, கீழே திண்ணை, வெயிலுக்கு ஒதுங்க நிழல். வழிப்போக்கனுக்கு உட்கார இடம் கட்டிவிட்டுத்தான் நம் ஆட்கள் தமக்குக் கூடம் கட்டினார்கள்.

ஆனால் வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போகிறார்கள்? ஊரின் நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. கிழக்கே வெள்ளையர் வாழ்ந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. பாதிப் பேர் வாய்க்காலைத் தாண்டுவதே இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை வீடு மேற்கே இருக்கிறது. 1736இலிருந்து 1761 வரை அந்த மனிதர் நாட்குறிப்பு எழுதியிராவிட்டால், கவர்னர் என்ன பேசினார், சந்தையில் என்ன விலை, யார் யாரிடம் சண்டை போட்டார்கள் என்று நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர் அது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீடும் மேற்கேதான். பிரெஞ்சுப் புதுச்சேரியின் கதையை எழுதி வைத்தவன் தமிழ்ப் பகுதிக்காரன். கதையைப் படிக்க வருகிறவன் மட்டும் கிழக்கே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

இன்னொன்றும் கேளுங்கள். இன்று கிழக்கே நீங்கள் பார்க்கிற எந்த மாளிகையும் 1761க்கு முந்தையது என்று நம்பிவிடாதீர்கள். அந்த ஆண்டு ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு எழுப்பியதுதான் இன்று நாம் பார்க்கிற ஊர். சரி, புதுச்சேரி ஏன் விழுந்தது? பீரங்கியால் மட்டுமா விழுந்தது?

இங்கேதான் விழிதியூர்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். புதுச்சேரி மண்ணில் அந்த ஊருக்குப் போதுமான நெல் விளையாது. பிரெஞ்சுக்காரர் காரைக்காலுக்கு ஏன் வந்தார்கள்? 1739 பிப்ரவரி 14ஆம் தேதி, கவர்னர் துய்மா காலத்தில், தஞ்சை மராட்டியரிடமிருந்து இந்த ஊர் அவர்கள் கைக்கு வந்தது. (அந்தத் தேதியை நம் இளைஞர்கள் வேறு காரணத்துக்காக நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.) கடற்கரைக்காக மட்டும் வரவில்லை. இந்தப் பக்கத்துத் துணிக்காக, நெல்லுக்காக வந்தார்கள். அரசலாறும் திருமலைராயனாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டலுக்காக வந்தார்கள். 1760 ஏப்ரலில் ஆங்கிலேயர் காரைக்காலைப் பிடித்தார்கள். புதுச்சேரிக்கு அரிசி போகிற வழி அடைபட்டது. பிறகு நிலத்திலும் கடலிலும் முற்றுகை. 1761 ஜனவரியில் புதுச்சேரி பணிந்தபோது உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பிட ஒன்றுமில்லை. புதுச்சேரி நடையில் இதை எந்தத் தெருமுனையில் நின்று சொல்வது? அங்கே சொல்ல இடமில்லை. அது இங்கே சொல்ல வேண்டிய கதை. இந்த வயலோரத்தில் நின்று சொல்ல வேண்டிய கதை.

ஆகவே நண்பர்களே, காரைக்காலின் நடை காரைக்காலில் தொடங்கக்கூடாது. இந்த நிரவி கொம்யூன் பஞ்சாயத்தில், விழிதியூர் மாதிரி ஒரு நெல் விளைகிற ஊரில் தொடங்க வேண்டும்.

வடக்கே தரங்கம்பாடியையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். 1620இல் ரகுநாத நாயக்கர் காலத்தில் டேனிஷ்காரர் வந்தார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். சின்ன ஊர். நகர வாயிலில் நுழைந்தால், ராஜ வீதியில் நேராக நடந்தால், ஒரு பக்கம் 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், கொஞ்சம் தள்ளி 1718இல் பாதிரியார் சீகன்பால்கு எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம், எதிரே கடலும் கோட்டையும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியன் குலசேகரன் காலத்துக் கோயில். கடல் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. டேனிஷ்காரர் வருவதற்கு முன்னூறு ஆண்டு முன்பே அது அங்கே நின்றது. பலர் கோட்டையைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கோயில்வரை போகிற கால்கள் குறைவு. தெற்கே நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர். ஆக, சுமார் 30 கிலோமீட்டர் கடற்கரையில் மூன்று நாட்டுக் கொடிகள்! உலகத்தில் இப்படி எத்தனை கரைகள் இருக்கும்?

இனி காரைக்காலுக்கு வருவோம். நடையைப் பற்றிப் பேசிக்கொண்டு காரைக்கால் அம்மையாரை விட்டுவிட முடியுமா? கயிலையை மிதிக்கக்கூடாது என்று தலையால் நடந்த அம்மா அவர். உலகத்து நடைகளில் அதற்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவருடைய கதையைப் பக்திக் கதையாகவே கேட்டிருக்கிறோம். ஒரு முறை பட்டினத்துக் கதையாகக் கேட்டுப் பாருங்கள். தந்தை தனதத்தன் காரைக்கால் வணிகர். மாப்பிள்ளை பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் மகன். மகளைப் பிரிய மனமில்லாமல் தந்தை பக்கத்திலேயே வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை இங்கேயே வைத்துக்கொள்கிறார். மனைவி வேண்டியதும் கையில் மாங்கனி வந்த அதிசயத்தைப் பார்த்துப் பயந்துபோன கணவன், வியாபாரத்துக்குப் போகிறேன் என்று மரக்கலம் ஏறி, திரும்பி வராமல் பாண்டிய நாட்டுப் பட்டினம் ஒன்றில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொள்கிறான். பிறந்த பெண்ணுக்கு முதல் மனைவியின் பெயரையே வைக்கிறான். கப்பலும், சரக்கும், துறைமுகம் விட்டுத் துறைமுகம் போகிற கணவனும், காத்திருக்கிற மனைவியும் இல்லாமல் இந்தக் கதை நடக்குமா? சேக்கிழார் இதை எழுதியது 12ஆம் நூற்றாண்டில். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் பிரெஞ்சுக்காரன் வருகிறான். காரைக்காலை அவன் பட்டினமாக்கவில்லை. பட்டினமாக இருந்ததால்தான் தேடி வந்தான்.

ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதி வலம் வருகிறார். மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மாம்பழத்தை இறைக்கிறார்கள். கீழே நிற்கிற கூட்டம் தாவிப் பிடிக்கிறது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஊர் முழுக்க அந்த வீதிகளில் நடக்கிறது. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வருகிறாரே, மீனவ மக்கள் தங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று எதிர்கொண்டு அழைக்கிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? வயற்காட்டுக் கோயிலிலிருந்து கடற்கரைக் குப்பத்துக்குப் பெருமாளே வருகிறார். மஸ்தான் சாகிபு தர்கா கந்தூரியிலும் ரதம் வீதி வீதியாகப் போகிறது. தேற்றரவு அன்னை ஆலயத் தேரும் அப்படித்தான். இவர்கள் எல்லாரும் நமக்கு நடக்க வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். திருவிழா இல்லாத நாளிலும் அந்த வழியில் ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்றுதான் கேட்கிறேன்.

எப்படிப் போவது? என் யோசனையைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறு வழி தோன்றினால் மாற்றிக்கொள்ளுங்கள்.

இங்கே வயலோரத்தில் தொடங்கி, காலையில் அரசலாற்று முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகம். விசைப்படகு வந்து சேர்கிற நேரம். ஏலம் விடுகிற குரல், ஐஸ் உடைக்கிற சத்தம், கூடையோடு காத்திருக்கிற பெண்கள். இதுதான் நம்முடைய மருவூர்ப்பாக்கம். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி ஆட்களிடம் பேசினால் காற்றின் பெயரையும் நீரோட்டத்தின் பெயரையும் தனித்தனியாகச் சொல்வார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் எங்கே நின்றோம், யாரை இழந்தோம் என்று அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நாமாகத் துருவிக் கேட்கக்கூடாது. பார்க்கப் போகிறவனுக்கு அந்த நாகரிகம் வேண்டும்.

அங்கிருந்து கடற்கரைச் சாலை வழியாக ஊருக்குள். வருகிற வழியில் ஆற்றையும் கடலையும் சேர்த்துப் பார்க்கிற இடத்தில் நின்று, ஒரு கதை சொல்லியாக வேண்டும். கப்பலேறியவர்கள் கதை.

1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லை. எங்கே பிடித்தார்கள்? இங்கே. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் ரியூனியனுக்கும், மார்த்தினிக்குக்கும், குவாதலூப்புக்கும் போனார்கள். இந்த டெல்டாவில் பஞ்சத்தில் பிழைக்க வழியற்றவர்கள், சாதியின் கொடுமை தாங்காதவர்கள், ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டவர்கள், எல்லாரும் இருந்தார்கள். இந்த ஊர்களிலிருந்து துறைமுகம்வரை எப்படிப் போனார்கள்? நடந்துதான் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் அந்தத் தீவுகளில் மாரியம்மனுக்கு விழா எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்களில் ஒருவர் நாளைக்கு ஒரு பழைய தாளோடு வந்து, என் பாட்டன் ஏறிய இடம் எது என்று கேட்டால், அழைத்துக்கொண்டு போய்க் காட்ட நம்மிடம் ஓர் இடம் இருக்கிறதா? ஒரு கல் இருக்கிறதா? கவர்னர்களுக்குச் சிலை வைத்த அரசு, கூலிகளுக்கு ஒரு பலகைகூட வைக்கத் தோன்றாமல் இருந்தது. அரசைச் சொல்லிப் பயனில்லை, நமக்கும் தோன்றவில்லையே!

இதற்கு மறுபக்கமும் உண்டு. குமாஸ்தாவாக, சிப்பாயாக, வியாபாரியாகச் சைகோனுக்குப் போனவர்கள். பணம் சேர்த்து வந்து வீடு கட்டியவர்கள். காரைக்கால் வீதிகளில் பழைய வீட்டுக் கதவையும், தூணையும், மாடி ஜன்னலையும் பார்க்கும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலில் ஓட்டுச்சாவடி வைக்கிறார்களே, அது அந்த உறவின் மிச்சம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர்வோம் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி மாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் மாறியது. ஆனால் குடும்பங்களுக்குள் பிரான்ஸா இந்தியாவா என்ற கணக்கு அவ்வளவு சீக்கிரம் தீரவில்லை.

பிறகு மாதா கோயில் வீதி. பிறகு மார்க்கெட், வெயில் ஏறுமுன். பாரதியார் வீதியில் அம்மையார் கோயில், எதிரும் பக்கமுமாகக் கைலாசநாதரும் நித்யகல்யாணப் பெருமாளும், அருகே சந்திர தீர்த்தக் குளம். குளக்கரையில் முடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு டீ. அவ்வளவுதான்.

இதற்கு என்ன வேண்டும்? பணம் வேண்டுமா? அரசாணை வேண்டுமா? சென்னையைப் பாருங்கள். 2004இல் சென்னை வரலாற்றை எழுதிய எஸ். முத்தையாவும் சில பத்திரிகையாளர்களும் சேர்ந்து மெட்ராஸ் தினம் என்று தொடங்கினார்கள். ஊரின் பிறந்தநாள் என்று 1639 ஆகஸ்ட் 22ஐ நினைத்து ஒரு நாள், அப்புறம் ஒரு வாரம், அப்புறம் மாதம் முழுக்க நடைகள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தெரிந்தவர் தெரிந்த தெருவை நடத்திக் காட்டினார். மயிலாப்பூர் அதற்கு ஆயிரம் ஆண்டு மூத்தது, அந்தத் தேதியை எப்படிப் பிறந்தநாள் என்பது என்று சண்டையும் வந்தது. வரட்டும்! ஊரைப் பற்றிச் சண்டை போடுகிற அளவுக்கு ஜனங்களுக்கு அக்கறை வந்ததே.

அந்த அக்கறைக்கு இன்னொரு சாட்சி சொல்கிறேன். புதுச்சேரியில் நகராட்சி அலுவலகமாக இருந்த பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. கடற்கரைச் சாலையில் ஊரே பார்த்துப் பழகிய கட்டடம். விழுந்ததும் கூச்சல் எழுந்தது. அதே முகப்போடு திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். காரைக்காலில் ஒரு பழைய வீடு இடிந்தால் யார் கூச்சல் போடுவார்? இருந்ததே தெரியாத வீட்டுக்கு யார் அழுவார்? இடிபாட்டு மரத்தை விலை பேச ஆள் வருவார், அவ்வளவுதான்.

நடத்திக் காட்டுகிறவருக்குச் சில வார்த்தைகள். இருபது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பின்னால் வருகிறவருக்குக் காது கேட்காது. ஒலிபெருக்கி வேண்டாம், தூங்குகிற வீட்டுக்காரர் நம்மைச் சபிப்பார். பிறர் வீட்டுத் திண்ணையில் ஏறுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். மீன் விற்கிற அம்மாவைப் படம் எடுப்பதற்கு முன் அவரிடம் மீன் வாங்குங்கள். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நம் பக்கத்தில் ஒரு வியாதி இருக்கிறது: எந்தப் பழைய சுவரைப் பார்த்தாலும் அதன் கீழே ராஜாவின் சுரங்கப்பாதை தஞ்சாவூர் வரை போகிறது என்பார்கள். இந்த ஈர மண்ணில் பத்தடி தோண்டினால் தண்ணீர். சுரங்கத்தில் ராஜா என்ன நீந்தியா போனார்?

நெல் கதையைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் தாத்தா எந்தப் படித்துறையில் மூட்டை ஏற்றினார், எந்த வண்டித் தடத்தில் காரைக்காலுக்குப் போனார், பேரளத்திலிருந்து 1898இல் ரயில் வந்த பிறகு அந்த வண்டிக்காரர்கள் பிழைப்பு என்ன ஆனது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். எண்பது வயதுப் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த அவையிலேயே முதல் வரிசையில் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். பரணில் கணக்கு நோட்டு, நிலவரி ரசீது, சைகோன் போட்டோ, பிரெஞ்சு முத்திரை குத்திய காகிதம் எது இருந்தாலும் கரையான் தின்னுமுன் எடுத்து, பள்ளிக்கூடத்தில் படிக்கிற பேரனிடம் போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான்.

2039 பிப்ரவரியில், காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறி 300 ஆண்டு ஆகும். அன்றைக்கு யாராவது மேடை போட்டு, மாலை போட்டு, பிரெஞ்சுக்காரர் வந்த கதையைத்தான் சொல்லப் போகிறார்கள். அதற்குள் நெல் போன கதையும், கூலிகள் போன கதையும், மீனவர் கதையும் நம் கையில் எழுத்தாக இருக்க வேண்டும். இருக்கிற ஆண்டுகள் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு இங்கிருந்து கிளம்புகிறோம். வரப்பு ஈரமாக இருக்கும், பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். குடிதண்ணீர் அவரவர் கொண்டுவர வேண்டும். நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் நிற்கிற தம்பிகளே, நீங்கள் நின்று பழகியவர்கள், உங்களுக்குத்தான் முதல் அழைப்பு.